நிறுத்தத் தெரிய வேண்டும்

நாற்பத்தைந்து வயதில் ஒருவன் புதிதாக ஒரு வித்தை பழகப் புறப்பட்டால் ஊர் சற்று வேடிக்கையாகத்தான் பார்க்கும். வீணை பழகுகிறேன் என்றால்கூட மன்னித்துவிடுவார்கள். நான் ஃபோட்டோஷாப் பழகுகிறேன் என்றேன். "ஏன் சார், கதை எழுதுவது கட்டுப்படியாகவில்லையா?" என்று அனுதாபத்தோடு விசாரித்தார் நண்பர் ஒருவர்.

கட்டுப்படியாகாதது வாஸ்தவம். ஆனால் காரணம் அதுவல்ல. என் நாவல்களுக்கு அட்டைப்படம் தயாரிக்கும் இளைஞர்கள் லேயர், மாஸ்க், ஒப்பாசிட்டி என்று ஏதேதோ பேசிக்கொள்கிறார்கள். பெண்ணுக்குப் புடவை எடுக்கிற இடத்தில் தகப்பன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். என்ன பேசுகிறார்கள் என்றாவது புரிய வேண்டாமா?

புதுக்கோட்டை கீழராஜ வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் சின்ன ஸ்டூடியோ. என் ஆசிரியருக்கு என்னைவிட இருபது வயது குறைவு. கல்யாண ஆல்பம், காதணி விழாப் பலகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று மனித வாழ்க்கையின் முக்கியமான கட்டங்கள் அத்தனையும் அவருடைய ஒரே கம்ப்யூட்டர் வழியாகத்தான் போய்வருகின்றன. ஆடி பிறந்தால் ஓய்வு கிடைக்கும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. கீரமங்கலம், வடகாடு பக்கங்களில் ஆடியிலும் ஆவணியிலும்தான் மொய் விருந்து நடக்கும். அழைப்பிதழுக்கும் ஃப்ளெக்ஸ் பலகைக்கும் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். கூட்டம் ஓய்ந்த மத்தியான வேளைகளில் எனக்குப் பாடம்.

முதல் பாடம் லேயர். ஒரு படத்தின் மேல் கண்ணாடித் தாள்களை அடுக்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தாளில் எதை வரைந்தாலும் அடியில் இருப்பது கெடாது. "மூலப் படத்தைத் தொடவே தொடாதீங்க சார். நகல் எடுத்து மேல வச்சு அதுல வேலை செய்யுங்க" என்றார் ஆசிரியர். மாஸ்க் என்பது இன்னும் நாசூக்கான சமாசாரம். அது எதையும் அழிப்பதில்லை, மறைக்கிறது. அதில் கறுப்பைத் தடவினால் மறைந்துபோனது, வெள்ளையைத் தடவினால் திரும்பி வருகிறது. அடித்துத் தள்ளிய வாக்கியங்களுக்காக மறுநாள் குப்பைக் கூடையைக் கிளறும் என் போன்றவர்களுக்கு இது பொறாமையூட்டுகிற சௌகரியம்.

இவ்வளவும் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோல், 1987-ல் தம் கம்ப்யூட்டர் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டுவதற்காக ஒரு சிறு புரோகிராம் எழுதினார். தம்பி ஜான், சினிமாத் தந்திரக் காட்சிகள் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அண்ணனும் தம்பியும் சேர்ந்து அதை வளர்க்க, 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனம் வெளியிட்டது. லேயர் என்ற வசதி 1994-ல்தான் சேர்ந்தது. மென்பொருள் திறக்கும்போது திரையில் ஒரு பெயர்ப் பட்டியல் வரும். பல பதிப்புகளில் அதில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரைப் பார்க்கலாம். "நம்ம ஆளு சார்!" என்று சொந்த மாமனைக் காட்டுவது போல ஆசிரியர் காட்டினார்.

அடுத்த பாடம் பழைய படங்களைச் செப்பனிடுவது. ஃபிலிம் காலத்தில் ஸ்டூடியோக்காரர்கள் கூரான பென்சிலால் நெகட்டிவின் மேல் நுணுக்கி நுணுக்கி அம்மைத் தழும்பை மறைப்பார்கள். இப்போது க்ளோன் ஸ்டாம்ப் என்ற கருவி, நல்ல இடத்திலிருந்து எடுத்துக் கெட்ட இடத்தில் ஒட்டிவிடுகிறது. ஹீலிங் பிரஷ் அதோடு நில்லாமல் சுற்றியுள்ள வெளிச்சத்துக்குத் தக்கபடி நிறத்தையும் இணக்கிவிடுகிறது.

இந்தப் பாடத்தின் நடுவில்தான் வடகாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்த இரவில் அவர் வீட்டு ஓடு பறந்து, டிரங்குப் பெட்டி நனைந்துபோனது. கணவருடைய ஒரே படம் அந்தப் பெட்டியில் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். முகத்தில் ஒரு பாதி தெளிவாக இருந்தது. மறு பாதியில் பழுப்புக் கறை, கன்னத்தில் சாயமே உரிந்து வெள்ளையாகியிருந்தது. பேத்தி கல்யாணத்துக்கு முன் பெரிதாக்கி மாட்ட வேண்டுமாம்.

ஆசிரியர் கெட்டிக்காரர். நல்ல பாதியை நகல் எடுத்து, கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி, கெட்ட பாதியின் மேல் பொருத்தி, ஓரங்களை மாஸ்க்கினால் இழைத்துவிட்டார். புத்தம் புது முகம்! நான் பிரமித்துப்போனேன்.

மூதாட்டி வெகு நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது அவுக இல்ல" என்றார்.

"அவுகதான் ஆத்தா. அவுக படத்துல இருந்துதான் எடுத்தேன்."

"அவுகளுக்கு ஒரு பக்கந்தேன் குழி விழும். இதுல ரெண்டு பக்கமும் விழுது. யாரோ மாதிரி இருக்கு."

யாருடைய முகத்திலும் இரண்டு பாதிகள் ஒன்றாக இருப்பதில்லை. புருவம் ஒன்று சற்று ஏறியிருக்கும். உதடு ஒரு ஓரத்தில் இழுத்திருக்கும். நாம் ஒருவரை அடையாளம் கண்டுகொள்வதே அந்தக் கோணலினால்தான். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவரிடம் அளவெடுத்த முகத்தைக் காட்டி என்ன பயன்?

ஆசிரியர் முகம் சுளிக்கவில்லை. மேல் லேயரை அணைத்துவிட்டு வேறு வழியில் போனார். கலரில் ஸ்கேன் செய்த படத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சானல்கள் உண்டு. பழுப்புக் கறை நீலத்தில் அட்டைக் கறுப்பாகத் தெரியும். சிவப்பில் பெரும்பாலும் மறைந்துவிடும். சிவப்பை மட்டும் தனியே எடுத்து வெளிச்சத்தைக் கூட்டினார். கறைக்கு அடியிலிருந்து ஒரு கண் மங்கலாக எழுந்து வந்தது. அது அந்த மனிதரின் சொந்தக் கண். சாயம் உரிந்த கன்னத்தில் மட்டும் எதையும் வரையாமல், கண்ணை உறுத்தாத ஒரு சாம்பல் நிறத்தோடு விட்டுவிட்டார்.

"இவுகதேன்" என்றார் மூதாட்டி. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் ஊரிலிருந்து பதினாறு கிலோமீட்டரில் சித்தன்னவாசல் இருக்கிறது. குகைக் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம், பூப் பறிக்கிறவர்கள், யானை, மீன், அன்னம். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஓவியத்தில் பல இடங்கள் உதிர்ந்து கிடக்கின்றன. உதிர்ந்த இடத்தில் புதுத் தாமரை எழுதத் தெரிந்த கைகள் தமிழ்நாட்டில் இல்லாமலா போயின? ஆனாலும் உதிர்ந்தது உதிர்ந்தபடியே இருக்கிறது. அதனால்தான் மிச்சமிருக்கும் இதழை நம்பிப் பார்க்கிறோம்.

2023 முதல் ஃபோட்டோஷாப்பிலேயே இன்னொரு வசதி வந்திருக்கிறது. வேண்டியதை ஒரு வரியில் எழுதினால் போதும். இல்லாத கன்னத்தைச் சில விநாடிகளில் வரைந்து கொடுத்துவிடுகிறது. வரைந்தது அழகாகவும் இருக்கிறது. யாருடைய கன்னம் என்பதுதான் அதற்குத் தெரியாது.

ஆசிரியரிடம் ஒரு மாறுதலைக் கவனித்தேன். பழைய படத்தோடு யார் வந்தாலும் இப்போது உடனே மௌஸைத் தொடுவதில்லை. முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைக்கிறார். "சொல்லுங்க, அவுக சிரிச்சா எப்படி இருப்பாக?" என்று கேட்கிறார்.