ரமாமணியின் ஊர்க்காரர்கள்

எங்கள் அப்பத்தா 'தில்லானா மோகனாம்பாள்' என்று முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்கு அது "பாப்பா நடிச்ச படம்". சிவாஜி இருக்கட்டும், பத்மினி இருக்கட்டும், டூரிங் டாக்கீஸ் மணலை மேடாகக் குவித்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் உட்கார்ந்தது ஜில் ஜில் ரமாமணிக்காக. ரமாமணியாக நடித்த மனோரமா பிறந்தது மன்னார்குடி. வளர்ந்தது எங்கள் பக்கம், காரைக்குடியை ஒட்டிய பள்ளத்தூரில். சினிமாவுக்குப் போகும் முன்னால் நாடக மேடையில் அவர் 'பள்ளத்தூர் பாப்பா'. நீ அவரை மேடையில் பார்த்திருக்கிறாயா என்று கேட்டால், "பாக்காம?" என்பாள் அப்பத்தா. அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவப் போய்விடுவாள்.

கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை அது. கோபுலுவின் படங்களோடு வந்தது. பைண்டு பண்ணி வைத்திருந்த வீடுகளை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1968இல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக எடுத்தார். கோயிலில் வேட்டுப் போட்டதற்காக நாயன வாசிப்பையே நிறுத்துகிற ரோஷக்காரச் சண்முகசுந்தரம் ஒரு பக்கம். எந்தக் கலையையும் எந்த மைனருக்கும் விலை பேசிவிடுகிற சவடால் வைத்தி இன்னொரு பக்கம். நாகேஷ் வந்து நின்றாலே டாக்கீஸ் குலுங்கும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் கருப்பாயியாகப் பிறந்து ஜில் ஜில் ரமாமணியாக மேடையேறுகிறவள் நிற்கிறாள். ஆடச் சொன்னால் ஆடுவாள், பாடச் சொன்னால் பாடுவாள், கூட்டம் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுப்பாள். ஆனால் நாயனத்தின் அருமை அவளுக்குத் தெரியும். வாசிக்கிறவனைக் கண்டால் அவள் கண்ணில் வருகிற மரியாதை இருக்கிறதே, அதை நடிப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

அந்தப் படத்தில் இருந்தவர்களும் பெரும்பாலும் நாடகக் கொட்டகையிலிருந்து வந்தவர்கள்தான். நாகராஜன் சின்ன வயதில் டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனியில் பெண் வேஷம் கட்டியவர். சிவாஜி பாய்ஸ் கம்பெனிப் பிள்ளை. தவில்காரராக வருகிற பாலையாவும் மேடை கண்டவர். கூட்டத்துக்காக எங்கே வளைய வேண்டும், எங்கே வளையவே கூடாது என்பதைப் பசியோடு படித்தவர்கள் சேர்ந்து எடுத்த சிரிப்பு அது. ரோஷக்காரச் சண்முகசுந்தரமே வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு நாயனத்தில் இங்கிலீஷ் நோட்டு வாசித்துக் காட்டுவாரே, அந்த இடம் எனக்கு எப்போதும் பிடிக்கும். உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். இங்கிலீஷ் நோட்டிலும் அவர்கள் நாயனம் நாயனமாகவே இருக்கும்.

சரி, டாக்கீசை விட்டு வெளியே வாருங்கள். பங்குனி, சித்திரை, வைகாசி. அறுப்பு முடிந்து வயலெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. அய்யனார் கோயில் திடலில் பகலிலேயே பாய் போட்டு இடம் பிடித்தாகிவிட்டது. எங்கள் தெருப் பாய்கள் வேப்பமரத்துப் பக்கம். உங்கள் பாய் நுனியில் நான் கல் வைத்தேன், காற்றில் பறக்காமல் இருக்க. குழாய் ஸ்பீக்கரைப் புளியமரத்தில் ஏற்றிக் கட்டி, "அலோ, மைக் டெஸ்டிங்" என்று ஒருவன் சாயங்காலம் முழுக்கக் கத்துகிறான். நோட்டீஸ் ஒட்டிப் பத்து நாளாகிவிட்டது. ரோஸ் காகிதத்தில், முட்டை வடிவக் கட்டத்துக்குள் ராஜபார்ட் முகம், ஸ்திரீபார்ட் முகம், பபூன் முகம், டான்ஸ்காரம்மா முகம். கீழே ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட். அதற்கும் கீழே பொடி எழுத்தில் விழாக் கமிட்டி. நாடகம் 'வள்ளி திருமணம்' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் ஊரில் யாரும் இல்லை.

ஸ்பெஷல் நாடகம் என்றால் அந்த ராத்திரிக்கு மட்டும் கூடுகிற நாடகம். ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், வள்ளி மதுரையிலிருந்து வருவாள், பபூன் எங்கோ திண்டுக்கல் பக்கத்திலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடித்து ஓடி வருவான். ஒத்திகை கிடையாது. ஒருவரை ஒருவர் மேடையில்தான் பார்த்துக்கொள்வார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாட்டும் வசனமும் அத்தனை பேர் நெஞ்சிலும் பாடமாக இருக்கும். சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் கண்மூடினார். அவர் கட்டிய பாட்டுக்கு எங்கள் திடலில் ராத்திரி இரண்டு மணிக்குக் கிழவிகள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் ஓலைத் தட்டி மறைப்பு. நாம் இடுக்கில் கண் வைத்துப் பார்ப்போம். தேங்காயெண்ணெயில் குழைத்த முத்துவெள்ளையின் வாடை, பெட்ரோமாக்ஸின் மண்ணெண்ணெய் வாடை, தகரப் பெட்டியைத் திறந்ததும் வருகிற ரசகற்பூர வாடை. அந்த மூன்றும் சேர்ந்ததுதான் எனக்கு நாடகத்தின் வாசம். இன்றைக்கும் பழைய பீரோ திறக்கும்போது பாச்சை உருண்டை மணத்தால் கை அப்படியே நின்றுவிடுகிறது. முருகன் பீடி குடித்துக்கொண்டு புருவம் தீட்டுகிறார். நாரதர் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். டான்ஸ்காரம்மா பெட்டிமேல் உட்கார்ந்தபடியே, மடியில் கிடக்கும் பிள்ளையைத் தட்டிக்கொண்டு சலங்கை கட்டுகிறாள். மேடையைப் பார்த்து விசிலடித்த அதே ஆட்கள் காலையில் பஸ் ஸ்டாப்பில் அவளுக்கு முகம் கொடுக்க மாட்டார்கள். அத்தைதான் நீராகாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "புள்ளைக்கிப் பால் காய்ச்சித் தரவாத்தா?" என்று கேட்டவள்.

பத்து மணிக்குப் பபூன் வந்தால் பன்னிரண்டு வரைக்கும் அவன் ராஜ்ஜியம். கருவாட்டுக் குழம்பு, மாமியார் மருமகள், ரேஷன் கடை, அந்த வாரத்து அரசியல் எதையும் விடமாட்டான். டான்ஸ்காரம்மாவோடு சண்டை, பின்னால் சமாதானம், நடுவில் அந்த வருஷத்துச் சினிமா மெட்டு நான்கைந்து. பெரியவர்கள் "த்சொ" என்பார்கள். சொல்லிக்கொண்டே சிரிப்பார்கள். நாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டோம். பாட்டுக்கு நடுவில் ஒருவர் ஐந்து ரூபாய் கொடுத்தால் பாட்டு நிற்கும். "இன்னார் மகன் இன்னார், சிங்கப்பூரிலிருந்து வந்திருப்பவர், அன்பளிப்பு ரூபாய் ஐந்து" என்று பபூன் மைக்கில் சொல்லி, கும்பிட்டு, திரும்பப் பாட்டைத் தொடுவான். இதையெல்லாம் கேவலம் என்று எழுதியவர்கள் உண்டு. அவர்கள் பன்னிரண்டு மணிக்கே எழுந்து வீட்டுக்குப் போனவர்கள் என்று நான் நினைக்கிறேன்.

பன்னிரண்டுக்கு மேல்தானே நாடகம். பிள்ளைகள் பாதி தூங்கியாயிற்று. சுக்குமல்லிக் காப்பிக்காரர் தூக்குப் போணியோடு வரிசைக்குள் வருகிறார். முருகன் ஒரு ராத்திரி விருத்தம் எடுத்தார். காம்போதி என்று சித்தப்பா காதில் சொன்னார். எனக்கு ராகம் தெரியாது; ஆனால் அவர் மேலே போகப்போக, சிரித்துக் களைத்த திடல் அடங்கிக்கொண்டு வந்தது தெரிந்தது. அப்போது பின்வரிசையில் ஒருவன், "அண்ணே, எம்.ஜி.ஆர். பாட்டு ஒண்ணு!" என்று கத்தினான். இன்னும் இரண்டு குரல் சேர்ந்துகொண்டது. ராஜபார்ட் நிறுத்தினார். கோபப்படப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் ஆர்மோனியக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். ஆர்மோனியக்காரர் துருத்தியை விடாமல், விரலை மட்டும் நகர்த்தினார். அதே சுருதியில் சினிமா மெட்டு வந்து நின்றது. ராஜபார்ட் இரண்டே அடி பாடினார், முழுக் குரலில், கொஞ்சமும் ஏனோதானோ இல்லாமல். விசில் பறந்தது. மூன்றாவது அடி வரவில்லை. விரல் திரும்பியது, காம்போதி திரும்பியது, விருத்தத்தில் எந்தச் சொல்லில் விட்டாரோ அதே சொல்லில் வந்து அவர் உட்கார்ந்தார். கத்தியவன் அதற்கப்புறம் விடியும் வரை வாயைத் திறக்கவில்லை. எழுந்தும் போகவில்லை.

அந்த இரண்டு அடியை நான் பல வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் அதைக் கொடுத்திருக்காவிட்டால் காம்போதியை யாருக்குப் பாடியிருப்பார்?

அதே வள்ளி திருமணத்தில், அதே முருகன் வேஷத்தில் நாடக நடிகர் விஸ்வநாததாஸ் வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடினார். சுவாமிகள் எழுதியதில் இல்லாத பாட்டுத்தான். வள்ளி தினைப்புனத்தில் விரட்ட வேண்டிய பறவை கொக்கு. கூட்டத்துக்கு யாரை விரட்டச் சொல்கிறார் என்று தெரிந்தது, போலீசுக்கும் தெரிந்தது. பல தடவை ஜெயிலுக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் போயிற்று. சித்தப்பா இதைச் சொல்லும்போது கையிலிருந்த காப்பியை ஆறவிட்டுவிடுவார். நாடகத்தை வளைத்தவர்களிலே இப்படியும் ஒருவர் இருந்தார்.

மூன்று மணிக்கு மேல் தர்க்கம். நாரதருக்கும் வள்ளிக்கும், அப்புறம் வேடனாக வந்த முருகனுக்கும் வள்ளிக்கும். புதுக்கோட்டைக்காரர் ஒன்று கேட்பார், மதுரைக்காரி பதிலைப் பாட்டாகவே திருப்புவாள். முன்னே பின்னே பார்க்காதவர்கள். ஒருவர் மடக்க, மற்றவர் விடுவித்துக்கொள்ள, ஆர்மோனியம் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடும். முருகன் கிழவனாக வருவதும் யானை வருவதும் விடியும் நேரத்துக்கு. கிழக்கே வெளுத்து, தேங்காய் உடைத்து மங்களம் பாடும்போது முருகன் முகத்து வெள்ளை வேர்வையில் திட்டுத்திட்டாகக் கரைந்திருக்கும். நாம் பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, தர்க்கத்தில் யார் ஜெயித்தார்கள் என்று சண்டை போட்டபடி கண்மாய்க் கரையில் நடந்தோம். நீங்கள் வள்ளி கட்சி. நான் வேடன் கட்சி.

இப்போது அந்தத் திடலில் பேவர் பிளாக் போட்டாகிவிட்டது. பாய் விரிக்கிறவர் யாரும் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு வருகிறது. முதல் நாள் ஆடல் பாடல், மறுநாள் நாடகம். ஆர்மோனியத்தின் இடத்தில் பல ஊர்களில் கீபோர்டு நிற்கிறது; பபூன் ஒவ்வொரு பகடியையும் முடித்ததும் அதில் ஒரு பொத்தானைத் தட்டினால் கைதட்டல் கேட்கிறது. ராத்திரி ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைப்பது பாடாக இருப்பதால் பன்னிரண்டு மணிக்கெல்லாம் மங்களம் பாடிவிடுகிற ஊர்களும் உண்டு. பபூன் முழுசாக இருக்கிறான், சினிமாப் பாட்டு முழுசாக இருக்கிறது. தர்க்கம் அரை மணி. விருத்தம் கேட்டு எனக்கு நாளாயிற்று.

மனோரமா 2015இல் போனார். அப்பத்தா அதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டாள். ஆயிரம் படத்துக்கு மேல் நடித்தவர் என்று அன்றைக்கு எல்லாத் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள், ரமாமணியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நான் அந்தப் பள்ளத்தூர்ப் பெண் மேடையேறக் காத்திருந்த ஓலைத் தட்டி மறைப்புகளை நினைத்துக்கொண்டேன். அவர் படத்தில் கொடுத்தது அங்கே பார்த்ததைத்தான்.

இந்த வருஷம் விழாக் கமிட்டியில் பங்காளி மகன் இருக்கிறான். விடிய விடிய நடத்த அனுமதி வாங்கிவிட்டான். "ஆனா சித்தப்பா, ரெண்டு மணிக்கு மேல நாற்காலிதான் இருக்கும்" என்றான். அப்படியானால் தர்க்கத்தை முன்னால் வைத்துவிடுவோம், பத்து மணிக்கே, பபூன் பின்னால் வரட்டும் என்று எனக்குத் தோன்றியது. ராஜபார்ட் வயதானவர். அச்சாரம் கொடுக்கப் போன இடத்தில் அவரிடமே கேட்டேன். வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அது சரிப்படாதுங்க" என்றார். "சனம் வேலை வெட்டிய முடிச்சு அலுத்துப்போயி வந்து உக்காருது. மொதல்ல அதுக மனசு லேசாகணும். அத பபூன்தான் செய்யணும். அவன் உக்கார வச்சாத்தான் நான் பாட முடியும். சுவாமிகள் காலத்து மொறைங்க, மாத்த வேணாம்." ஆட்கள் எழுந்து போய்விட்டால்? "இருக்கிறவகளுக்குப் பாடுவேன். காம்போதி வேணும்னா இப்பவே சொல்லிருங்க, ஆர்மோனியத்துக்கு எங்க ஆளையே கூட்டியாறேன்."

சொல்லிவிட்டேன். வைகாசி கடைசி வெள்ளி, அய்யனார் கோயில் திடல். தர்க்கம் எடுக்க மூன்று மணி ஆகும். அதுவரைக்கும் எழுந்து போகாமல் உட்காருவதாக இருந்தால் வாருங்கள், சுக்குமல்லிக் காப்பிக்கு நான் ஏற்பாடு பண்ணியிருக்கிறேன்.