கட்டிலுக்கும் பைப்புக்கும் இடையில்

கொரோனா காலத்தில் கை கழுவச் சொல்லாத ஆளே இருக்கவில்லை. ரீவியில் சொன்னார்கள், கடை வாசலில் பைப் பூட்டிச் சொன்னார்கள், பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளைகூட இருபது செக்கன் எண்ணிக் காட்டியது. வீட்டுக்குள் இருந்த எங்களுக்கு அது ஒரு நாளைக்கு எட்டுத் தரமோ பத்துத் தரமோ. வாட்டில் நிற்கிற ஒரு மிஸ்ஸிக்கு எத்தனை தரம் எண்டு யோசிச்சுப் பாத்திருக்கிறீங்களா?

என்ர அக்கா தாதிய உத்தியோகத்தர். 2020, 2021 இரண்டு வருஷமும் அரச ஆஸ்பத்திரி ஒன்றில் வாட் டியூட்டி. அந்த நாட்களில் அவவின் முகத்தைவிடக் கைகளைத்தான் நான் கூடப் பார்த்தேன். விரல் மொளியெல்லாம் வெடித்து, கோடு கோடாகச் சிவந்திருக்கும். புளி கரைக்க ஏலாது, தேசிக்காய் பிழிய ஏலாது. இரவில் தேங்காய் எண்ணெய் பூசி, பழைய சொக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு படுப்பா. அம்மா பார்த்துப் பார்த்துக் கண் கலங்குவா. அக்கா சிரிப்பா. "கொரோனா விட்டாலும் இந்தக் கை என்னை விடாது போல அம்மா."

அவ பயத்தில் இரண்டையும் செய்தா. முதலில் சோப் போட்டுக் கழுவுவா, ஈரம் காய முதலே சானிடைசரும் பூசுவா. உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்கிறது, தோல் கெட்டுப்போகும் என்பதால். கையில் அழுக்கு தெரியாவிட்டால் அற்ககோல் பூசினால் போதும். அந்த நிறுவனம் தந்த ஒரு கலவையில் எதனோல் 80 வீதம், அதோடு தோல் காயாமல் இருக்க 1.45 வீதம் கிளிசரின். அழுக்கு தெரிந்தாலோ வயிற்றோட்டக்காரரைப் பார்த்தாலோ சோப்பும் தண்ணியும்தான். ஆனால் ஏற்கெனவே வெடித்த கையில் அற்ககோல் பட்டால் நெருப்புத்தான். எரிகிற கையோடு நிற்கிற ஆள் அடுத்த தரம் போத்தலை எடுக்கத் தயங்குவது மனுச இயல்பு. வெடித்த தோலில் கிருமி கூடத் தங்கும் என்பது அதற்கு மேல் வந்த வயித்தெரிச்சல்.

தாதியருக்குச் சொல்லிக் கொடுக்கிற ஐந்து தருணங்கள் இருக்கு. நோயாளியைத் தொட முதல். ஊசி, கதீற்றர் மாதிரிச் சுத்தமாகச் செய்யவேண்டிய வேலைக்கு முதல். இரத்தம், சளி பட்டிருக்கலாம் என்றால் அதுக்குப் பிறகு. நோயாளியைத் தொட்ட பிறகு. அவரின் கட்டில், லொக்கர், சேலைன் ஸ்ராண்ட் தொட்ட பிறகு. இதில் 'முதல்' இரண்டும் நோயாளிக்காக. 'பிறகு' மூன்றும் பெரும்பாலும் எங்களைக் காப்பாற்ற. ஆய்வுகளிலும் தொட்ட பிறகு கழுவுவதுதான் கூட, தொட முதல் கழுவுவது குறைவு. பெருந்தொற்று அந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கக் கூடியது. பயம் எங்களைப் பற்றித்தானே. கிளவுஸ் இன்னும் மோசம். போட்டவுடன் கை சுத்தம் என்ற ஒரு நினைப்பு வரும். அதே கிளவுஸோடு மூன்று கட்டில் போனால், கொரோனாவோடு வந்த ஆளுக்கு மருந்துக்கு அடங்காத வேறொரு கிருமியையும் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

ஒருநாள் அக்கா சொன்னதை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். வாட்டில் 40 கட்டில், இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை இரண்டு பேர். ஆளுக்கு 20 நோயாளி. ஒவ்வொருத்தரையும் மூன்றே மூன்று தரம் தொட்டாலும் 60. முதலும் பிறகும் என்றால் 120. அற்ககோல் பூச 20 செக்கன் எடுத்தாலே 40 நிமிஷம். சோப் என்றால் குறைந்தது 40 செக்கன், அதாவது 80 நிமிஷம். ஒரு கட்டிலிலிருந்து நேரே அடுத்த கட்டிலுக்குப் போனால் பிறகும் முதலும் ஒன்றாகி அரைவாசி குறையும்தான். ஆனால் இடையில் ட்ரொலியைத் தள்ளவேணும், ரிப்போட் எழுதவேணும், ஃபோன் எடுக்கவேணும். பைப் வாட்டின் அந்தத் தொங்கலில் ஒன்று. அங்க போய் வாற நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் கண்டதும் இதுபோல ஒன்றைத்தான். வைத்தியரும் மாணவரும் பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்த பகுதியில் தாய்மார் கூடச் செத்தார்கள். மருத்துவிச்சிகள் பார்த்த பகுதியில் குறைவு. குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார், சாவு விழுந்தது. பெரிய டொக்டர்மார் பலருக்கு அது பிடிக்கவில்லை. கை கழுவாத பழி எப்போதும் தாதியர் தலையில் விழுகிறதைக் கேட்கும்போது எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும்.

2020ஐ உலக சுகாதார நிறுவனம் தாதியர், மருத்துவிச்சியரின் ஆண்டாக அறிவித்திருந்தது. நைற்றிங்கேல் பிறந்து 200 வருஷம். அக்காவின் வாட்டுக்கு அந்த வருஷம் வந்தது ஒரு போஸ்டர். பைப்புக்கு மேல் ஒட்டினார்கள். அவ கூட்டத்தில் கேட்டது வேற: "கட்டிலுக்கு ஒரு போத்தல் தாங்கோ சேர், கால்மாட்டில கொழுவி விடுறம். அங்கையே பூசினா ஒருத்தரும் மறக்க மாட்டினம்." பார்ப்போம் என்றார்களாம். பிறகு கைகழுவுதலைக் கவனித்துக் குறிக்க ஒருவர் கிளிப்போட்டோடு வந்தார். ஆள் நிற்கும்வரை எல்லோரும் நல்லாகக் கழுவினார்கள். எங்கேயும் அப்படித்தான் நடக்கும்.

கடைசியில் அக்காவும் இன்னொரு மிஸ்ஸியும் பாவித்து முடிந்த சிறு போத்தல்களைக் கழுவி, ஸ்ரோரிலிருந்து வந்த பெரிய கானிலிருந்து நிரப்பி, பான்டேஜ் துணியால் கட்டில் கால்மாட்டில் கட்டினார்கள். ஆறு போத்தல்தான் கிடைத்தது. மூச்சுக்கு அதிகம் கஷ்டப்பட்ட ஆட்களின் கட்டில்களாகப் பார்த்துக் கட்டினார்கள். ஒவ்வொரு டியூட்டி மாறும்போதும் எந்தப் போத்தல் எவ்வளவு இறங்கியிருக்கு எண்டு அக்கா பார்ப்பாவாம்.