துவாரகாவில் மூட்டம் போடுகிறவர்கள்

டிசம்பர் பிற்பாதிக் காலைகளில் தில்லியின் துவாரகாவில் எதிர் அடுக்ககம் காணாமல் போய்விடும். விமான நிலையம் பக்கம் என்பதால் இறங்கும் விமானத்தின் இரைச்சல் கேட்கும், விமானம் தெரியாது. ஊரே சலித்துக்கொள்ளும் இந்த மூட்டத்தைக் கணினியில் போட்டுச் சம்பாதிப்பவர்கள் அதே அடுக்ககங்களுக்குள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

கட்டில் இருக்கவேண்டிய அறையில் வரிசையாகக் கணினிகள். இன்னும் கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்ததுபோல் படமாக்கித் தருவது தொழில். ஒளியமைப்பைப் பார்த்துக்கொள்பவர் திருநெல்வேலிக்காரப் பெண்.

“பில்டருக்கு நீல வானம் வேணும் சார். ஆனா காத்துல ஒண்ணுமே இல்லாம ரெண்டர் பண்ணினா முப்பது மாடியும் பொம்மை மாதிரி நிக்கும்” என்றார். தூரத்துப் பொருள் வெளிறி, வானத்தின் நிறத்தோடு கலக்கத் தொடங்குவதை வைத்துத்தான் கண் தொலைவை மதிப்பிடுகிறது. அந்த வெளிறல் இல்லாவிட்டால் பின்னாலிருக்கும் கோபுரம் முன்னால் ஒட்டியதுபோல் ஆகிவிடும்.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் காட்சி முழுவதையும் ஒரு பெரிய பெட்டிக்குள் அடைத்து, அதற்கு ‘வால்யூம் ஸ்கேட்டர்’ என்ற ஒளி சிதறும் தன்மையைக் கொடுக்கிறார்கள். டென்சிட்டி, அதாவது அடர்த்தி, முதலில் 1 என்றே வரும். புதிதாகச் சேர்ந்த பையன் அதை மாற்றாமல் விட்டிருந்தான். திரை முழுக்க வெள்ளை, கட்டடம் எங்கே என்றே தெரியவில்லை. “நாலஞ்சு மீட்டருக்கு அப்பால ஒண்ணும் தெரியாதுடா” என்று சொல்லிவிட்டு, மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். 50 மீட்டருக்கு 0.078, 200 மீட்டருக்கு 0.02, ஒரு கிலோமீட்டருக்கு 0.004. பார்வை எட்டவேண்டிய தூரத்தால் 3.912ஐ வகுத்து வந்த எண்கள் இவை. கோஷ்மீடர் என்ற ஜெர்மானியர் 1924இல் தந்த சூத்திரம். 50, 200 என்பவையும் சும்மா வந்தவையல்ல: 50 மீட்டருக்குக் கீழே பார்வை போனால் ‘மிக அடர்ந்த மூடுபனி’, 200 வரை ‘அடர்ந்த மூடுபனி’ என்பது இந்திய வானிலைத் துறையின் கணக்கு. பக்கத்து விமான நிலையத்தில் 2015 முதல் மூடுபனியை ஆராய்ந்துவரும் விஞ்ஞானிகளுக்கும் இந்தப் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல்!

அடர்த்தி மட்டும் போதாது. பனித்துளி தன்மேல் விழும் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கும். ‘அனைசோட்ராபி’ எண்ணைச் சுழியத்திலிருந்து 0.8க்கு அவர் நகர்த்தியதும், சுற்றிலும் மொத்தையாகப் பரவியிருந்த தெருவிளக்கின் ஒளி விளக்கை ஒட்டி வளையமாகச் சுருங்கியது. இதற்கான விலை நேரம். மூட்டப் பெட்டியைச் சேர்த்துவிட்டால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும். சாம்பிளைக் கூட்டிவிட்டு டீ குடிக்கப் போகவேண்டியதுதான்.

இந்தக் கணக்கின் வேரில் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஒருவர் இருப்பது அறையில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. விண்மீன் வளிமண்டலங்களில் ஒளி எப்படிச் சிதறிச் செல்கிறது என்று சுப்பிரமணியன் சந்திரசேகர் எழுதிய ‘ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்’ நூல் 1950இல் வந்தது. 1980களில் மேகத்தையும் புகையையும் கணினியில் வரைய முயன்ற ஜிம் பிளின், ஜிம் கஜியா போன்றோர் அந்தச் சமன்பாடுகளைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று முடிக்கவேண்டிய படத்தில் டென்சிட்டி 0.0005, அதாவது எட்டு கிலோமீட்டர் பார்வை. தில்லிக் குளிர்காலத்துக்கு இது பேராசை. அப்படியும் வாட்ஸப்பில் பில்டரிடமிருந்து இந்தியில் செய்தி வந்தது: பின்னால் புகை தெரிகிறது, எடுத்துவிடுங்கள். திருநெல்வேலிப் பெண் எண்ணைத் தொடவில்லை. சூரியனைச் சற்றுக் கீழே இறக்கினார். அதே மூட்டம் பொன்னிறமாகி, காலை வெயிலாகிவிட்டது. மறுபடி அனுப்பியதும் ‘பஹுத் படியா’ (ரொம்ப அருமை) என்று பதில் வந்தது. கூடவே, நீச்சல்குளத்தை ஒட்டி இரண்டு தென்னை வேண்டுமாம்.