ஏட்டிலிருந்து மெய்நிகர்ப் பொறி வரை: பிரதி காத்தல் பற்றிச் சில குறிப்புகள்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ9 வீதியில், ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில் அலுவிகாரை அமைந்துள்ளது. அதுவரை வாய்மொழியாக வழங்கிவந்த பாளித் திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், இக்குகைகளிலேயே முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. பஞ்சமும் போரும் சூழ்ந்த காலம் அது. நினைவில் மட்டும் வாழும் நூல், அந்நினைவுடையோர் மறையும்போது தானும் மறைந்துவிடும் என்ற அச்சமே அப்பணிக்கு வித்தாயிற்று.

கணனிச் சேவையகங்களைப் பரிபாலிப்போர்க்கு இவ்வச்சம் அந்நியமானதன்று. இன்று பெரும்பாலான சேவையகங்கள் மெய்நிகர்ப் பொறிகளாகவே இயங்குகின்றன. மெய்நிகர்ப் பொறி என்பது ஒரு கணனிக்குள் மென்பொருளால் ஆக்கப்பட்ட மற்றொரு கணனியாகும். இக்கருத்து புதியதன்று. 1967 ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தார் சிபி-40 என்னும் முறைமையில் இதனைச் செயற்படுத்தினர். 1972 இல் வி.எம்./370 என்னும் முறைமையை அறிவித்தனர். ஹைப்பர்வைசர் எனப்படும் மென்பொருள், ஓர் உண்மைக் கணனியின் செயலியையும் நினைவகத்தையும் பல பொறிகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றது. ஒவ்வொரு பொறியின் வன்தட்டும், பெரும்பாலும், அக்கணனியிலுள்ள ஒரு பெரிய கோப்பேயன்றி வேறன்று. கோப்பாயிருப்பதால் அதனை எளிதிற் படியெடுக்கலாம். கோப்பாயிருப்பதால் எளிதில் அழித்துவிடவும் கூடும்.

நிருவாகி ஒருவர், மென்பொருளைப் புதுப்பிக்குமுன் ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்துவிட்டு, பிரதி கைவசமுள்ளது என்று ஆறுதல் கொள்கிறார் எனக் கொள்க. அவ்வாறுதல் பிழையானது. ஸ்னாப்ஷாட் எடுக்கப்பட்டதும் மூலக் கோப்பு உறைநிலை எய்துகின்றது. பின்னர் நிகழும் மாற்றங்கள் வேறொரு கோப்பிற் பதிவாகின்றன. இரண்டும் ஒரே களஞ்சியத்தில் ஒன்றையொன்று சார்ந்து நிற்பவை. களஞ்சியம் பழுதுபடின் இரண்டும் அழியும். மாற்றக் கோப்பு நாள்தோறும் பருத்து, களஞ்சியத்தை நிரப்பிப் பொறியையே நிறுத்திவிடுதலும் உண்டு. ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணித்தியாலங்களுக்கு மேல் வைத்திருத்தலாகாது என வி.எம்.வெயார் வழிகாட்டல் கூறுவது இதனாலேயே.

இரண்டாவது இடர் நிருவாகக் கருவிகளிலேயே உறைகின்றது. வீசென்டர், புரொக்ஸ்மொக்ஸ் போன்றவை நூறு பொறிகளை ஒரே திரையிலிருந்து ஆக்கவும் நகர்த்தவும் அழிக்கவும் வல்லவை. அத்திறப்பு கள்வன் கைப்படின் நூறும் அவன் வசமாகும். 2023 பெப்ரவரியில் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. சேவையகங்கள் ஆயிரக்கணக்கில் கப்பத் தாக்குதலுக்கு இலக்காயின. தாக்கியோர் பயன்படுத்தியதாகக் கருதப்பட்ட குறைபாட்டுக்கான திருத்தமோ ஈராண்டுகளுக்கு முன்னரே, 2021 பெப்ரவரியில், வெளியாகியிருந்தது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்க முகிற்கணினியும் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஏறக்குறைய 5,000 மின்னஞ்சற் கணக்குகள் பாதிப்புற்றன. இணைப்பிலிருந்த காப்புப்பிரதியும் மூலத்துடன் சேர்ந்து பூட்டப்பட்டது. இணைப்பற்ற பிரதி இருக்கவில்லை. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன.

இங்கு மீண்டும் அலுவிகாரையை நோக்குதல் தகும். 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அங்கிருந்த நூலகம் அழிவுற்றது. எனினும் திரிபிடகம் அழியவில்லை. அதன் படிகள் அதற்கு முன்னரே பிற விகாரைகளிலும் கடல் கடந்த நாடுகளிலும் வழங்கிவந்தன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் தீக்கிரையாயின. அவற்றுள் பிறவிடத்திற் படியுள்ளவற்றை மீண்டும் தேடிப் பெறலாம். ஒற்றைப் பிரதியாயிருந்த ஏட்டுச்சுவடிகளை எவ்விடத்தும் தேடுதற்கில்லை. மூலத்தின் அருகிலன்றி, அதே கூரையின் கீழன்றி, வேறோரிடத்தில் ஒரு படி இருந்ததா என்பதே இவ்விரு இழப்புகளையும் வேறுபடுத்துகின்றது.

ஆதலின், மெய்நிகர்ச் சேவையகங்களைப் பேணுவோர் கைக்கொள்ளத்தக்கவை சில. மூலத்துடன் சேர்த்து மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேறிடத்தில், இணைப்பின்றி இருத்தல் வேண்டும். காப்புப்பிரதியின் கடவுச்சொல் நிருவாகத் திரையின் கடவுச்சொல்லாக இருத்தலாகாது. நிருவாகத் திரையை நேரே இணையத்திற்குத் திறந்துவிடலாகாது. வெளியான திருத்தங்களைக் காலந்தாழ்த்தாது இடுதல் வேண்டும். யாவற்றினும் மேலாக, தவணைக்கொருமுறையேனும் ஒரு பொறியைக் காப்புப்பிரதியிலிருந்து முழுமையாக மீட்டெடுத்து, அதற்குச் சென்ற நேரத்தையும் குறித்துவைத்தல் வேண்டும். மீட்டுப் பார்க்கப்படாத பிரதி, பிரதி உண்டு என்ற நம்பிக்கை மட்டுமே.

இவை கணனித் துறையார்க்கு மட்டும் உரியனவல்ல. மாணவர்தம் ஆய்வேடுகள், பரீட்சைப் புள்ளிகள், மலையகத் தோட்டங்களிற் பதிவுசெய்யப்படும் நாட்டார் பாடல்களின் ஒலிப்பதிவுகள் ஆகியன யாவும் இன்று ஏதோவொரு சேவையகத்திலேயே தங்குகின்றன. பாடிய மூதாட்டி மறைந்தபின் அவ்வொலிக் கோப்பே எஞ்சிய ஒரே சான்றாதலும் கூடும். அதன் இரண்டாவது படி எங்குள்ளது என வினவும் உரிமையும் கடமையும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உண்டு.

அலுவிகாரைக்குச் செல்வோர், எழுத்தாணியால் ஓலையிற் கீறி, மை பூசித் துடைத்து எழுத்தைத் துலங்கச் செய்யும் முறையை இன்றும் காணலாம். ஓலை ஈரத்தாலும் பூச்சியாலும் கெடும் என்பதை அறிந்தே, தலைமுறைதோறும் அதனைப் புதிய ஓலையில் மீள எழுதினர். இக்காலத்து நிருவாகியின் பணியும் அதுவே.