எந்த நகரில் கூடாரம் அடிப்பது?

ஆதியாகமம் 13ஆம் அதிகாரத்தில் ஒரு பிரிவினை நிகழ்கிறது. ஆபிரகாமின் மந்தையும் லோத்தின் மந்தையும் பெருகி, இருவரையும் ஒரே நிலம் தாங்க இயலாமற் போயிற்று. அப்பொழுது மூத்தவராகிய ஆபிரகாம், தம் சகோதரன் மகனாகிய லோத்துக்கே முதலில் தெரிந்துகொள்ளும் உரிமையை அளித்தார். லோத்து சுற்றிலும் நோக்கினான். யோர்தான் சமவெளி பசுமையாய்த் தெரிந்தது, உடனே கிளம்பிவிட்டான். சோதோம் நகரத்தாரைப் பற்றி அவன் யாரிடமேனும் விசாரித்ததாக வேதாகமத்தில் இல்லை.

கனடா நாட்டில் குடியேறப் புறப்படும் இளங்குடும்பத்தார் சான்றுகள் கேட்டுப் பங்கு அலுவலகத்துக்கு வருகின்றனர். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் "டொரண்டோ, சாமி" என்பதே விடை. ஏன் டொரண்டோ? "அண்ணன் அங்கே இருக்கிறார்." நாட்டைத் தெரிந்துகொள்ள ஈராண்டு உழைத்திருப்பார்கள், ஆங்கிலத் தேர்வு எழுதி, பட்டங்களை மதிப்பிட்டு வாங்கி, பணம் சேர்த்திருப்பார்கள். நகரைத் தெரிந்துகொள்ள அரை நிமிடமும் ஆவதில்லை.

உறவினர் இருக்கும் ஊருக்குப் போவது தவறென்று நான் சொல்லவில்லை. அந்நிய நாட்டில் முதல் மாதம் சோறு போட ஒரு வீடு வேண்டும். ஆனால் வாடகையைப் பற்றி அந்த அண்ணன் சொல்லும் கணக்கு பழைய கணக்காக இருக்கக்கூடும். ஒன்டாரியோ, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணங்களில், குடியிருப்பவருடைய வாடகையை ஆண்டுதோறும் இவ்வளவுக்குமேல் உயர்த்தலாகாது என்று வரம்பு உண்டு. அவர் காலிசெய்து போனபின் வருகிறவரிடம் வீட்டுக்காரர் தாம் விரும்பும் தொகையைக் கேட்கலாம். எனவே பதினைந்து ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருப்பவர் கொடுக்கும் வாடகைக்கும், இன்று விமானத்திலிருந்து இறங்குபவர் கொடுக்க வேண்டியதற்கும் பெருத்த வேறுபாடு. ஒன்டாரியோவில் 2018 நவம்பர் 15க்குப் பின் முதன்முதலாகக் குடிபுகப்பெற்ற வீடுகளுக்கு அந்த வரம்பும் இல்லை.

கனடா அரசின் வீட்டுவசதி நிறுவனத்தார் ஓர் அளவுகோல் வைத்துள்ளனர். வரி பிடிக்குமுன் உள்ள குடும்ப வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குமேல் உறைவிடத்துக்கே போகுமானால், அது தாங்கத்தக்க செலவன்று. இதைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024ஆம் ஆண்டில் வான்கூவரில் இரண்டு படுக்கையறை வாடகை வீட்டின் சராசரி மாத வாடகை 2,300 டாலர் அளவில் இருந்தது. அதைத் தாங்க ஆண்டுக்கு 92,000 டாலர் வருமானம் வேண்டும். அதே ஆண்டு ஜூன் முதல் அம்மாகாணத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.40 டாலர். கணவனும் மனைவியும் வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுவதும் உழைத்தாலும் 72,000 டாலருக்குச் சற்று மேல்தான் வரும். புதிதாகக் குடியேறியவர் எத்தனை படித்திருந்தாலும், முதலில் கிடைப்பது பெரும்பாலும் கடை வேலையோ கிடங்கு வேலையோதான். சொந்த வீடு என்ற பேச்சை எடுத்தாலோ, 2024இல் டொரண்டோ வட்டாரத்தில் வீட்டின் சராசரி விலை 11 இலட்சம் டாலரைக் கடந்திருந்தது. எட்மண்டனில் அதில் பாதிக்கும் குறைவு.

பற்றாக்குறையை எதைக்கொண்டு நிரப்புகிறார்கள்? நேரத்தைக்கொண்டுதான். நான் அறிந்த ஒரு குடும்பத்தில் மனைவி செவிலி. அங்கே உரிமம் கிடைக்கும்வரை முதியோர் இல்லமொன்றில் இரவுப் பணி செய்தாள். கணவனுக்குப் பகல் வேலை. வீட்டின் அடித்தளத்தில், அவர்கள் 'பேஸ்மென்ட்' என்று சொல்லும் இரண்டு அறைகளில் குடியிருந்தனர். அவள் வரும்போது அவன் புறப்படுவான். குழந்தையைக் கைமாற்றும் அந்தச் சில நிமிடங்களே அவர்கள் சேர்ந்திருந்த பொழுது. ஞாயிறன்றும் வேலை. இங்கே அவனுடைய தகப்பனார் அடகுவைத்த வீட்டுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் நல்ல பிள்ளைகள். குடிப்பழக்கமோ ஊதாரித்தனமோ இல்லை. வாடகை ஒன்றே அவர்களுடைய மாலை வேளையையும் குடும்ப செபத்தையும் தின்றுவிட்டது. இரண்டாம் ஆண்டில் எட்மண்டனுக்கு மாறினார்கள். குளிர் பொறுக்க முடியவில்லை என்று கடிதத்தில் முறையிட்டாலும், மூவரும் ஒன்றாக இரவு உணவு உண்பதாக எழுதியிருந்தாள்.

ஆயினும் மலிவான நகரம் எல்லாம் சுகமென்று எண்ணிவிட வேண்டாம். ஆல்பர்ட்டா மாகாணத்தில் மாகாண விற்பனை வரி கிடையாது. ஆனால் வாடகையை எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கும் வரம்பு கிடையாது. கால்கரியில் 2022, 2023ஆம் ஆண்டுகளில் வாடகை விரைந்து ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். வின்னிபெக்கில் குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு 20 பாகை கீழும் இறங்கும். சிறு நகரங்களில் பேருந்து அரிது. கார் வாங்கினால் காப்புறுதிக் கட்டணமும் பனிக்காலச் சக்கரங்களும் கூடவே வரும். செவிலியர், ஆசிரியர் போன்றோருக்கு உரிமம் வழங்குவது அந்தந்த மாகாணம். ஆதலால் உங்கள் தொழிலுக்கு எங்கே கதவு விரைவில் திறக்கும் என்பதை வாடகைக்கு முன்பே விசாரிக்க வேண்டும்.

இன்னொன்றையும் குருவானவன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். மானிட்டோபா போன்ற மாகாணங்கள் தங்கள் பரிந்துரையால் சிலருக்குக் குடியேற்ற வாய்ப்பு அளிக்கின்றன. அங்கேயே வாழ்வேன் என்ற நோக்கத்தோடுதான் விண்ணப்பிக்க வேண்டும். குடியேறியபின் எம்மாகாணத்துக்கும் செல்லும் உரிமையை 1982ஆம் ஆண்டின் அரசியல் சாசனம் அளிக்கிறது, உண்மை. ஆனால் கையெழுத்திடும்போதே டொரண்டோவுக்குப் பயணச்சீட்டு எடுக்கும் எண்ணமிருந்தால், அது எட்டாம் கட்டளையைச் சேர்ந்த காரியம். சட்டமும் அதைப் பொய்யுரை என்றே கொள்ளும்.

புலம்பெயர்ந்தோர் நலம் குறித்து 1952இல் வெளியிட்ட ஏட்டில், எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தையே குடியேறுவோர் அனைவர்க்கும் முன்மாதிரியாகத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் காட்டினார். வீடு வெறும் சந்தைப் பண்டமன்று என்று 1987இல் வத்திக்கானின் நீதி, அமைதி ஆணைக்குழு எழுதிற்று. இருப்பினும் சந்தையில் நின்றுதான் நாம் வீடு தேட வேண்டியிருக்கிறது. எனவே கவனம் தேவை. பார்க்காத வீட்டுக்கு, கைப்பேசியில் வந்த படத்தை நம்பி, இங்கிருந்தே முன்பணம் அனுப்பாதீர்கள். ஒன்டாரியோவில் ஒரு மாத வாடகைக்குமேல் முன்வைப்புத் தொகை கேட்பது சட்டத்துக்குப் புறம்பு. புதிதாய் வந்தவர் என்று தெரிந்தால் ஆறு மாதத் தொகை கேட்பவர்களும் உண்டு.

பிள்ளைகளின் பள்ளியையும் நகரோடு சேர்த்தே பாருங்கள். ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன் மாகாணங்களில் அரசின் முழு நிதியில் கத்தோலிக்கப் பள்ளிகள் நடைபெறுகின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் மானிட்டோபாவிலும் அதற்குப் பெற்றோர் கட்டணம் செலுத்த வேண்டும். அதுவும் வாடகையோடு சேர்ந்த செலவே. தொடக்கப் பள்ளியில் சேர்க்கும்போது ஞானஸ்நானச் சான்றைக் கேட்பார்கள். அதைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாகவாவது வந்து பெற்றுக்கொள்ளுங்கள். விமானத்துக்கு முந்தின இரவு கதவைத் தட்டியவர்களுக்காகப் பழைய பதிவேட்டை நான் பலமுறை புரட்டியிருக்கிறேன்.