பத்து விநாடி மகாராஜா

ஓசூரில் கேஸட்டை ஊதி ஊதிச் செருகி வீடியோ கேம் ஆடிய தலைமுறை சார் நான்! ஜப்பானின் நின்டென்டோ 1985-ல் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'தான் எங்கள் குலதெய்வம். அதில் ஒரு நட்சத்திரம் துள்ளி வரும். தொட்டால் மாரியோ மின்னுவான், பாட்டு மாறும். சுமார் பத்து விநாடிக்கு, மோதுகிற எதிரியெல்லாம் காலி! ஆனால் பள்ளத்தில் விழுந்தால் நட்சத்திரமாவது, மண்ணாங்கட்டியாவது... உயிர் போச்சு.

'இது தெரிஞ்ச விஷயம்தானே' என்கிறீர்களா? எனக்கும்தான் தெரியும். ஆனாலும் சிப்காட்டில் கணக்கெழுதிய காலத்தில், தீபாவளி போனஸ் வாங்கிய சாயங்காலம் நானும் மின்னினேன். பைக்கில் பின்னால் தம்பி. ஹெல்மெட் கைப்பிடியில் ஊஞ்சலாடியது. சூளகிரி தாண்டி லாரிகளுக்கு நடுவே 'கட்' அடித்துப் பறந்தேன். எந்த லாரியும் எங்களைத் தொடவில்லை.

பள்ளம்தான் தொட்டது.

எனக்கு வெறும் சிராய்ப்பு. தம்பி ஆறு மாசம் படுக்கை. போனஸ் மொத்தமும் ஆஸ்பத்திரி பில்லுக்குப் போனது.

மாரியோவுக்கு ஆரம்பத்திலேயே மூணு உயிர் கொடுத்துவிடுகிறார்கள். தம்பிக்கு ஒண்ணுதான். பிழைத்துக்கொண்டான். ஆனால் இன்றைக்கும் அவன் மாடிப்படி ஏறும்போது, வலது கால் சத்தம் கொஞ்சம் லேட்டாகத்தான் கேட்கிறது.