கூட்டத்துக்குப் போகும்போது ஒரு பாடத்தோடு போ

தம்பி,

பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இரண்டு சங்கத்துக்காரர்கள் உறுப்பினர் படிவத்தோடு வந்துவிட்டார்கள், எதில் சேர்வது, சேரத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். சேர்ந்துவிடு. எதில் என்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். உன் பள்ளியிலோ பக்கத்துப் பள்ளியிலோ, மாலை மணி அடித்த பிறகும் பிள்ளைகள் யாரைச் சுற்றி நிற்கிறார்கள் என்று பார். அந்த ஆசிரியர் எந்தச் சங்கத்தில் இருக்கிறாரோ அதில் சேர். கொடியின் நிறம், தலைவரின் பேச்சு, மாநாட்டுக்கு வந்த கூட்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சேர்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதையும் தெரிந்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் உன் வங்கிக் கணக்கில் விழுகிற சம்பளம் யாரோ மனம் இரங்கித் தந்தது அல்ல. உதவிபெறும் பள்ளிகளில் நிர்வாகியின் முகம் கோணினால் மறுநாள் வேலை இல்லை என்று இருந்த காலம் ஒன்று உண்டு. கல்வித் துறையின் முன் அனுமதி இல்லாமல் ஓர் ஆசிரியரை வெளியே தள்ள முடியாது என்ற பாதுகாப்பு 1973-ல் இயற்றப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தால் வந்தது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனது 1981 ஜூன் முதல் தேதியில்தான். இதற்கெல்லாம் ஊர் ஊராகச் சைக்கிளில் போய்ச் சந்தா வசூலித்தவர்கள் இருந்தார்கள், மறியலில் சிறைக்குப் போனவர்கள் இருந்தார்கள். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அரசு ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. வேலைநிறுத்தம் செய்வது அடிப்படை உரிமை அல்ல என்று அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும்பாலோர் பிறகு பணிக்குத் திரும்பிவிட்டார்கள் என்றாலும், இடைப்பட்ட நாட்களில் பல வீடுகளில் சக ஆசிரியர்கள் கொண்டுபோய்க் கொடுத்த அரிசியால்தான் அடுப்பு எரிந்தது. சங்கம் என்ற சொல்லுக்கு என் தலைமுறைக்காரர்கள் ஏன் இவ்வளவு மரியாதை கொடுக்கிறோம் என்று உனக்குப் புரிவதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் தம்பி, சங்கம் சம்பளத்துக்கும் பணிப் பாதுகாப்புக்கும் மட்டும் பிறந்ததல்ல. தென்னிந்திய ஆசிரியர் சங்கம் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே சென்னையில் ஒன்று இருந்தது. ‘சவுத் இந்தியன் டீச்சர்’ என்று அது ஓர் இதழையும் நடத்தியது. ஆசிரியர்களின் ஊதியம், பணி நிலைமை பற்றிப் பேசியவர்களே பாடத்திட்டம், தேர்வு முறை, கற்பித்தல் பற்றியும் எழுதினார்கள். இரண்டையும் வேறு வேறு வேலையாக அவர்கள் நினைக்கவில்லை.

நீ கணக்கு வாத்தியார் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1965-ல் தொடங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் இயங்கிவருகிறது இந்தியக் கணித ஆசிரியர் சங்கம். ஆசிரியர்களுக்கு ‘மேத்தமேடிக்ஸ் டீச்சர்’, பிள்ளைகளுக்கு ‘ஜூனியர் மேத்தமேட்டிஷியன்’ என்று இதழ்கள், ஆண்டு மாநாடு, நாடு முழுக்க நடக்கும் கணிதத் திறனறிப் போட்டி எல்லாம் அவர்கள் செய்வது. இந்த வட்டத்தில் மறக்கக் கூடாத பெயர் பி.கே. சீனிவாசன் (1924–2005). சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். கணித மன்றம், கணிதக் கண்காட்சி, செலவில்லாத பொருள்களை வைத்துக் கணக்குச் சொல்லித்தருவது என்று வாழ்நாளெல்லாம் அதே வேலையாக இருந்தவர். ராமானுஜனின் கடிதங்களையும் அவரைத் தெரிந்தவர்களின் நினைவுகளையும் தேடிச் சேர்த்து, 1968-ல் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். வெளியிட்டது பல்கலைக்கழகம் அல்ல, முத்தியால்பேட்டைப் பள்ளி! ராமானுஜனைப் பற்றி ஆராய்பவர்கள் இன்றும் அந்தத் தொகுதிகளைத் தேடுகிறார்கள். 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் உருவானதிலும் அவர் கை முக்கியமானது. ஒரு பள்ளிக்கூட வாத்தியாரால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று யாராவது உன்னிடம் இளப்பமாகக் கேட்டால் இந்த மனிதரைக் காட்டு.

இப்போது உன் வட்டாரச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார். அகவிலைப்படி அரசாணை, பணிமாறுதல் கலந்தாய்வு, ஈட்டிய விடுப்புச் சரண், ஓய்வூதியம், எமிஸ் பதிவில் வரும் கோளாறு, யாருக்கோ பணி நிறைவு பாராட்டு விழா. எல்லாம் வேண்டிய செய்திகள்தான். ஓய்வூதியத்துக்காகப் போராடுகிறவரிடம் போய்ப் பாடம் நடத்துவதைப் பேசுங்கள் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அந்தக் குழுவில் ஒரு மாதச் செய்திகளைப் படித்து முடித்தாலும், இவர்களுக்கு முன்னால் தினமும் முப்பது நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற தடயமே கிடைக்காது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதற்கு மாறாக எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். வட்டாரக் கிளைக் கூட்டம். ஒன்றியப் பள்ளி வகுப்பறை ஒன்றில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் நாங்கள். சுற்றறிக்கைகளைப் படித்து முடித்து, தேநீர் வருவதற்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு டீச்சர் எழுந்து கரும்பலகைக்குப் போனார். 403-லிருந்து 158-ஐக் கழிக்கும் கணக்கு. ஒரு பிள்ளை போட்ட விடை 355, இன்னொரு பிள்ளை போட்டது 255. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, “இந்த ரெண்டு பிள்ளைகளும் என்ன நினைச்சிருப்பாங்க, சொல்லுங்க” என்றார். விடை 245 என்பது எல்லோருக்கும் தெரியும். “கடன் வாங்கத் தெரியல டீச்சர், அவ்வளவுதான்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “ரெண்டு பேருக்கும் ஒரே தப்பா?” என்று கேட்டார். யாரும் பேசவில்லை.

பிறகு ஒருவர், ஓய்வு பெறப் போகிற வயது, எழுந்து சொன்னார். 355 போட்ட பிள்ளை ஒவ்வொரு தானத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. மூன்றும் எட்டும் கண்ணில் பட்டால் ஐந்து, சைபரும் ஐந்தும் பட்டாலும் ஐந்து. மேலே இருப்பது ஒரு முழுத் தொகை, கீழே இருப்பது அதிலிருந்து போவது என்பதே அதன் மனதில் இல்லை. 255 போட்ட பிள்ளையின் கதை வேறு. அதற்குக் கடன் வாங்கத் தெரிகிறது. நூறாம் தானத்தில் ஒன்றை எடுத்து நான்கை மூன்றாக்கியிருக்கிறது. பத்தாம் தானத்துச் சைபரைப் பத்தாக்கி, அதே கையோடு ஒன்றாம் தானத்து மூன்றைப் பதின்மூன்றாக்கிவிட்டது. அந்தப் பத்திலிருந்து ஒன்று போய் ஒன்பதுதான் மிஞ்சும் என்பது மட்டும் விட்டுப்போயிற்று.

அதற்குள் தேநீர் வந்து ஆறிக்கொண்டிருந்தது, யாரும் எடுக்கவில்லை. முதல் பிள்ளையிடம் மூன்று ரூபாய் கொடுத்து எட்டு ரூபாய் கடனை அடைக்கச் சொல்ல வேண்டும், முடியாது என்று அதன் வாயாலேயே வர வேண்டும் என்றார் ஒருவர். இரண்டாம் பிள்ளைக்கு ஈர்க்குச்சிக் கட்டு வேண்டும் என்றார் இன்னொருவர். நூறு கட்டைப் பிரித்துப் பத்துப் பத்துக் கட்டாக்கி, அதில் ஒரு பத்தை மறுபடியும் பிரிக்கும்போது, கையில் ஒன்பது கட்டு மிஞ்சுவதை அது கண்ணால் பார்க்கும். கேள்வி கேட்ட டீச்சர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று வந்து சொன்னார். அதற்கடுத்த கூட்டங்களில் மற்றவர்களும் நோட்டுகளோடு வர ஆரம்பித்தார்கள். 0.8-ஐவிட 0.35 பெரியது என்று எழுதிய நோட்டு ஒன்று. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதிய நோட்டு இன்னொன்று. இரண்டு தவறுக்குப் பின்னாலும் ஒரு யோசனை இருந்தது. பிள்ளை சும்மா தப்புச் செய்வதில்லை, தம்பி.

வட்டார வள மையத்தில் உனக்குப் பயிற்சி கொடுப்பார்கள். குறுவள மையக் கூட்டம் இருக்கும், இணையவழிப் பயிற்சியும் இருக்கும். ஒழுங்காகப் போ. அங்கே இருக்கும் ஆசிரியர் பயிற்றுநர்களும் நம்மைப் போல வகுப்பெடுத்தவர்கள்தான், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பயிற்சி மாநிலத்தில் தொடங்கி மாவட்டத்துக்கும் அங்கிருந்து வட்டாரத்துக்கும் இறங்கி வருகிறது. கணிதம் எப்படிக் கற்பிப்பது என்பதை அது சொல்லித்தரும். உன் வகுப்பில் மூன்றாவது வரிசையில் இருக்கும் பிள்ளை ஏன் 355 போட்டது என்று அதனால் சொல்ல முடியாது. அதைச் சொல்லக் கூடியவர் பக்கத்து ஊரில், அதே பாடத்தை அதே மாதிரிப் பிள்ளைகளுக்கு நடத்தும் இன்னொரு ஆசிரியர்தான்.

செயல்வழிக் கற்றலையும் இதோடு சேர்த்து யோசித்துப் பார்க்கிறேன். 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-ல் மாநிலம் முழுக்க வந்தது. ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய்ப் பார்த்து வந்து, உட்கார்ந்து அதற்கான கற்றல் அட்டைகளை உருவாக்கிய ஆசிரியர்கள் அதை உயிராக நேசித்தார்கள். அட்டைகள் பெட்டியில் வந்து இறங்கிய இடங்களில் பலர் அதை இன்னொரு உத்தரவாகத்தான் பார்த்தார்கள். அட்டை ஒன்றுதான், அது வந்த வழிதான் வேறு.

அதனால்தான் சந்தா கட்டிவிட்டு ரசீதை மடித்து வைத்துக்கொள்வதோடு நிற்காதே என்கிறேன். கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் ஒரு பாடத்தோடு போ. கெட்டிக்காரப் பிள்ளையின் நோட்டு வேண்டாம், அதில் நீ கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. நடுத்தரமான பிள்ளையின் நோட்டில் ஒரு பக்கம் போதும். பிள்ளையின் பெயரை மறைத்துவிடு, ஊர்க்காரர்கள் இருக்கும் இடம். நீ எப்படி நடத்தினாய் என்பதை உள்ளது உள்ளபடி சொல். யாராவது “இந்த இடத்துல அவசரப்பட்டுட்டீங்க சார்” என்றால் முகம் சுருங்காதே. மற்றவர் தன் பாடத்தைச் சொல்லும்போது “எங்க ஸ்கூல்ல இதெல்லாம் நடக்காது” என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த ஒரு வாக்கியம் எத்தனையோ நல்ல கூட்டங்களைக் கலைத்திருக்கிறது.

உடனே செய்ய வேண்டிய வேலையும் ஒன்று உன் கண் முன்னாலேயே இருக்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு உனக்குத் தெரிந்திருக்கும். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களில், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுகிறவர்களும் பதவி உயர்வு வேண்டுமென்றால் எழுதியாக வேண்டும். இருபது ஆண்டாக அ, ஆ எழுதப் பழக்கியவர்கள் இப்போது தூக்கமில்லாமல் தவிக்கிறார்கள். சங்கங்கள் இதை எதிர்த்துக் குரல் கொடுக்கின்றன, கொடுக்கத்தான் வேண்டும். பணியில் சேரும்போது இல்லாத நிபந்தனையை நடுவழியில் வைப்பது நியாயம் இல்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் போராட்டம் முடிகிறவரை அவர்களைத் தனியாக விட முடியாது. இடைநிலை ஆசிரியர்களுக்கான முதல் தாளில் 150 கேள்விகள், அதில் 30 கணக்கு. உன் பள்ளியில் இருக்கும் மூத்த டீச்சருக்கு அந்த முப்பதும்தான் பயம். நீ அண்மையில் அந்தத் தேர்வில் தேறி வந்தவன். அவரிடம் போய், “அக்கா, சாயங்காலம் அரை மணி நேரம் உட்காருவோமா” என்று கேள். கற்றுத்தருகிறேன் என்று சொல்லாதே, சேர்ந்து போட்டுப் பார்ப்போம் என்று சொல். முதல் வகுப்புப் பிள்ளை பென்சில் பிடிக்காமல் அடம்பிடித்தால் என்ன செய்வது என்று நீ அவரிடம் கேள். அவர் சொல்வது எந்தத் தாளிலும் இருக்காது.

இன்னொன்று. தொடக்கப் பள்ளிகளில் நம்முடன் வேலை பார்ப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். சங்க மேடையில் போய்ப் பார், வேட்டிகளும் பேண்டுகளும்தான் உட்கார்ந்திருக்கும். பெண்கள் ஆர்வம் காட்டுவதில்லை என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு, பேருந்து கிடைக்காத இடத்தில், கழிப்பறை இல்லாத மண்டபத்தில் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? கரும்பலகையில் அந்தக் கழித்தல் கணக்கை எழுதிய டீச்சரும், பகலில் பள்ளியிலேயே நடந்த கூட்டம் என்பதால்தான் வந்திருந்தார். நீ புதிதாகச் சேர்ந்தவன், உன் பேச்சு எடுபடாது என்று நினைக்காதே. அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்கும்போது எழுந்து, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியில் வைக்கலாமா என்று கேள். செயலாளர் ஒத்துக்கொண்டால் உன் பள்ளி டீச்சர்கள் எல்லோருக்கும் நீயே போன் செய்து சொல்லிவிடு, ஆளுக்கு ஒரு நோட்டு எடுத்துவரச் சொல்லி.